ரெண்டாவது தடவை போகாம விட்டதுல போச்சு ஒரு வருஷம்

என்கூட சேர்ந்தவங்க எல்லாம் போன வருஷமே காலேஜ் முடிச்சு வேலைக்குப் போய்ட்டாங்க, நான் மட்டும் இன்னும் ஜூனியர் பசங்களோட உக்காந்து கடைசி செமஸ்டர் எழுதிட்டு இருக்கேன். ஏன்மா ஒரு வருஷம் லேட்டுன்னு யார் கேட்டாலும் டைஃபாய்டுன்னு சொல்லிப் பழகிட்டேன். சொந்தக்காரங்க கேட்டா டைஃபாய்டு, இன்டர்ன்ஷிப் இன்டர்வியூல கேட்டா டைஃபாய்டு. வந்தது டைஃபாய்டு இல்ல, டிப்ரெஷன். அதுவும் வந்ததை விட, வந்த பிறகு நான் ஒவ்வொரு எடத்துக்கும் ஒண்ணு ரெண்டு தடவை போய்ட்டு மறுபடி போகாம விட்டதுலதான் அந்த வருஷம் போச்சு. அப்ப இதை யாராவது எனக்கு சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும், அதான் எழுதுறேன்.

எனக்கு ராமநாதபுரம் மாவட்டத்துல ஒரு கடலோர ஊர். வாப்பா ஷார்ஜால ஒரு பக்காலால, அதாவது சின்ன மளிகைக் கடைல, பத்தொம்பது வருஷமா நிக்கிறாங்க, வீட்ல நான்தான் முதல் பட்டதாரி, அந்த சர்ட்டிஃபிகேட் வாங்க தாலுகா ஆபீஸுக்கு உம்மாவும் நானும் நாலு தடவை அலைஞ்சோம். 2021ல சென்னைல ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல இசிஇ கிடைச்சுது. கிளாஸ்ல 62 பேர், அதுல முஸ்லிம் மூணு பேர், ஹிஜாப் போடுறது நான் ஒருத்திதான். தமிழ்நாட்ல நாங்க 2011 சென்சஸ் படி 5.86 சதவீதம், அதனால கணக்குப்படி மூணு சரிதான். ஆனா கணக்கு சரியா இருக்கறது வேற, ஒரு கிளாஸ்ல எப்பவும் எல்லார் கண்ணுக்கும் தெரியிற ஒரே ஆளா இருக்கறது வேற. நான் லேட்டா வந்தா "அவ" லேட்டா வரல, "அந்த ஸ்கார்ஃப் பொண்ணு" லேட்டா வந்தா. யாரும் கெட்டவங்க இல்ல, ஃபர்ஸ்ட் இயர்ல எனக்கு பெரிசா ஒரு குறையும் இல்ல. ஆனா நான் ஃபெயிலானா என்னோட சேர்ந்து எங்க ஊரு மொத்தமும் ஃபெயிலாகிற மாதிரி ஒரு பாரம் தலைல இருந்துட்டே இருந்துச்சு, அதை அப்ப பாரம்னே நான் நெனைக்கல.

2022 செப்டம்பர்ல ஆரம்பிச்சுது, மூணாவது செமஸ்டர். மொதல்ல தூக்கம்தான் போச்சு. ராத்திரி எத்தன மணிக்கு படுத்தாலும் மூணு மணிக்கு முழிப்பு வந்துரும், அப்புறம் தூக்கமே வராது, மேல ஃபேன் சுத்துறதையே பாத்துட்டு கெடப்பேன். உம்மாட்ட போன்ல சொன்னா அவங்களுக்கு ஒரே சந்தோஷம், "அல்லாஹ் உன்னை தஹஜ்ஜுத்துக்கு எழுப்புறான் புள்ள, எழுந்து ரெண்டு ரக்அத் தொழு"ன்னாங்க. தஹஜ்ஜுத்துன்னா ராத்திரில தூக்கத்துல இருந்து எழுந்து தொழுறது. தொழ முடியல, அதான் பிரச்சனையே. முசல்லா (தொழுகை விரிப்பு) விரிச்சு கைய கட்டி நின்னா ஃபாத்திஹா, அதாவது ஒவ்வொரு தொழுகைலயும் ஓதுற குர்ஆனோட முதல் அத்தியாயம், பாதில நின்னுரும், அஞ்சு வயசுல இருந்து ஓதுறது, அடுத்த வரி ஞாபகம் வராது. சிக்னல்ஸ் புக்கும் அதே கதைதான், ஒரே வரிய நாலு தடவை படிச்சாலும் மண்டைல ஏறாது. மெஸ்ல தயிர் சாதம் மட்டும் ரெண்டு வாய், அதுவும் மத்தவங்க பாக்குறாங்களேன்னு. பாத்ரூம்ல பக்கெட்டுக்கு தண்ணிய திறந்து விட்டுட்டு அழுவேன், சத்தம் வெளிய கேக்காம இருக்க. பக்கெட் ரொம்பி வழியும், வெளிய இருந்து யாராவது "தண்ணிய மூடு"ன்னு கத்துவாங்க. எனக்கு அப்ப தோணினது நோய்னு இல்ல. என் ஈமான் (இறை நம்பிக்கை) போயிருச்சுன்னுதான் தோணுச்சு. தொழுகைல மனசு ஒட்டலன்னா நான் கெட்டவளாயிட்டேன், அவ்ளோதான்.

இங்க ஒண்ணு சொல்லிக்கிறேன். டிப்ரெஷன்னா சோகமா இருக்கறதுன்னு நெனச்சுட்டு இருந்தேன், எனக்கு சோகம் மூணாவதாத்தான் வந்துச்சு, முதல்ல தூக்கம், அப்புறம் நெஞ்சுல ஒரு கல்லு வச்ச மாதிரி பாரம், தலை கனம். காலேஜ் பக்கத்து கிளினிக்ல கேஸ் டிரபிள்னு மாத்திரை குடுத்தாங்க, நானும் பத்து நாள் முழுங்கினேன். தூக்கம், பசி, படிப்புல கவனம், முன்னாடி புடிச்ச விஷயத்துல ஆசை இதெல்லாம் சேர்ந்து கொறஞ்சு ரெண்டு வாரத்துக்கு மேல தினமும் அப்படியே இருந்தா கேஸ்னு விட்றாதீங்க. தொழுகைல, சாமி கும்புடுறதுல, ஜெபத்துல மனசு ஒட்டலங்கறதும் அந்த லிஸ்ட்லதான் வரும். அது பாவம் இல்ல, எல்லாத்துலயும் ஆசை போற வியாதி அதுலயும் போகுது, அவ்ளோதான். எனக்கு இது புரிய ஆறு மாசம் ஆச்சு.

நவம்பர்ல ரூம்மேட்தான் என்னை காலேஜ் கவுன்சலர்ட்ட இழுத்துட்டுப் போனா. அந்த ரூம் பிளேஸ்மென்ட் செல்லுக்கு எதிர்ல, கண்ணாடிக் கதவு. உள்ள உக்காந்தா காரிடார்ல போற வர்றவங்க எல்லாருக்கும் நம்ம முகம் தெரியும். வாசல்ல ஒரு நோட்டு, பேரு, டிபார்ட்மெண்ட், ரோல் நம்பர், "காரணம்"னு நாலு காலம். எனக்கு மேல எழுதியிருந்தவனோட பேரும் காரணமும் எனக்கு தெரிஞ்சுருச்சு, அப்ப எனக்கு கீழ எழுதப் போறவளுக்கு என்னோடது தெரியும். நான் "தலைவலி"ன்னு எழுதினேன். உள்ள போய் உக்காந்ததும் மேடம் சிரிச்ச முகமாத்தான் ஆரம்பிச்சாங்க, முதல் கேள்வி, "வீட்ல கல்யாணத்துக்கு ஃபோர்ஸ் பண்றாங்களாம்மா?" இல்ல மேடம்னேன். "பயப்படாம சொல்லு, படிக்க வேணாங்கறாங்களா?" இல்ல மேடம், அவங்கதான் படிக்க வைக்கிறாங்க. "சரி, இங்க யாரும் இல்ல, இந்த ஸ்கார்ஃப கழட்டிட்டு ஃப்ரீயா பேசேன்." அந்தக் கண்ணாடிக் கதவு வழியா பிளேஸ்மென்ட் ஆபீஸ் சார் எங்களையே பாத்துட்டு இருந்தாரு.

அவங்க மேல எனக்கு இப்ப கோவம் இல்ல. அவங்க மனசுல ஒரு கதை ரெடியா இருந்துச்சு, அதுக்குள்ள என்னை உக்கார வச்சாங்க. ஆனா அந்த அரை மணி நேரத்துல நான் தூங்காததைப் பத்தி ஒரு கேள்வி கூட வரல. அதுல ஒரு கூத்து என்னன்னா, வெளிய வந்ததும் எனக்கு எங்க வீட்டு ஆளுங்கள காப்பாத்தணும்னு தோணுச்சு. வாப்பா நல்லவங்க, உம்மா நல்லவங்க, எங்க மார்க்கத்துல பிரச்சனை இல்லன்னு நிரூபிக்கணும்னு, அதுக்காக எனக்கு ஒண்ணுமே இல்லன்னு நடிச்சேன். அடுத்த வாரம் வரச் சொன்னாங்க, போகல. இது எனக்கு மட்டும் இல்லன்னு ரொம்ப நாள் கழிச்சுதான் தெரிஞ்சுது. எஸ்சி பொண்ணு ஒருத்தி, எங்க ஹாஸ்டல் ஜூனியர், அவகிட்ட வேற ஒரு எடத்துல "கோட்டால வந்ததால படிப்பு பிரஷரா இருக்கோ"ன்னு கேட்டிருக்காங்க. அவ கிளாஸ்ல மூணாவது ரேங்க். அவளும் ரெண்டாவது தடவை போகல.

உம்மாட்ட கவுன்சலிங் போனேன்னு சொன்னதுக்கு "கவுன்சலிங்தான் 2021லயே முடிஞ்சு சீட்டு கிடைச்சுருச்சே, மறுபடி எதுக்கு, வேற காலேஜ் மாறப் போறியா"ன்னு பதறிட்டாங்க. சிரிப்பா இருக்கும், ஆனா முக்கால்வாசி வீட்ல கவுன்சலிங்னா அதான் அர்த்தம். வீட்ல சொல்றப்ப இந்த வார்த்தைய விட்டுட்டு "தூக்கம் வரல, டாக்டர்ட்ட காட்டணும்"னு சொல்லுங்க, பாதி சண்டை கொறையும்.

டிசம்பர்ல நானே கூகுள்ல தேடி ஒரு பிரைவேட் சைக்கியாட்ரிஸ்ட் கிட்ட போனேன். கன்சல்டேஷன் ஆயிரம். ஒண்ணேகால் மணி நேரம் காத்திருந்து நாலு நிமிஷம் பாத்தாங்க. ரத்த டெஸ்ட் எழுதினாங்க, அது 1,850. ஏன் எழுதினாங்கன்னு சொல்லல, காசு புடுங்கறாங்கன்னு நெனச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, தைராய்டு கோளாறு, ரத்தசோகை, பி12 கம்மி இதெல்லாமும் இதே மாதிரி சோர்வைக் காட்டும், அதனால பாக்கறது நியாயம்தான், ஆனா அதே டெஸ்ட் ஜி.எச்.ல காசு இல்லாம எடுக்கலாம். மாத்திரை 780 ரூபா. போட ஆரம்பிச்சு மூணாம் நாள்ல இருந்து குமட்டல், வயிறு சரியில்ல, கை லேசா நடுங்குச்சு, மனசு பழையபடியே. ரெண்டாம் வாரம் போய் இன்னொரு ஆயிரம் குடுத்தேன், "கன்டினியூ பண்ணுங்க"ன்னு ஒரே வார்த்தை. அன்னிக்கு ராத்திரியே நிறுத்திட்டேன்.

இதுதான் நான் பண்ணின பெரிய தப்பு. எனக்கு குடுத்தது எஸ்சிட்டலோபிராம், ரொம்ப சாதாரணமா குடுக்கற மாத்திரை. இந்த வகை மாத்திரைல தொந்தரவு முதல் வாரத்துலயே வரும், நல்லது தெரிய ரெண்டுல இருந்து நாலு வாரம் ஆகும், சிலருக்கு ஆறு வாரம் கூட. தொந்தரவு முன்னாடி வந்து பலன் பின்னாடி வரும்னு ஒரு வாய் சொல்லியிருந்தா நான் பொறுத்திருப்பேன், குமட்டல் முக்கால்வாசி பேருக்கு ஒண்ணு ரெண்டு வாரத்துல தானா அடங்கிரும். டாக்டர் சொல்லலன்னா நீங்க கேளுங்க. எனக்கு அன்னிக்கு வாய் வரல, அதனால இப்ப எல்லார்ட்டயும் சொல்றது, ஒரு துண்டுச் சீட்டுல எழுதிட்டுப் போங்க. எத்தன நாளா தூக்கம் இல்ல, என்ன சாப்புடுறேன், எடை எவ்ளோ கொறஞ்சுது, இந்த மாத்திரை எப்ப வேலை செய்யும், என்ன தொந்தரவு வந்தா திரும்ப வரணும், எத்தன மாசம் போடணும். அஞ்சு நிமிஷ டாக்டர்ட்ட அந்த சீட்டுதான் உங்க வாய். அப்புறம் நீங்களா நிறுத்தாதீங்க, திடீர்னு விட்டா தலைசுத்தல், எரிச்சல், தலைக்குள்ள ஷாக் அடிக்கிற மாதிரியெல்லாம் வரும், அளவைக் கொறச்சுக் கொறச்சுத்தான் நிறுத்தணும்.

ஜனவரில செமஸ்டர்ல மூணு அரியர், ஊருக்குப் போய்ட்டேன். என்னைப் பாத்ததும் பெத்தும்மா (பாட்டி) "புள்ளைக்கு கண்ணூறு, ஊரு கண்ணே இவ மேலதான்"னாங்க. பள்ளிவாசல் ஹஜ்ரத்ட்ட கூட்டிட்டுப் போனாங்க. நிறைய பேர் நெனைக்கிறதுக்கு மாறா, எனக்கு மொத்தக் கதைலயும் முதல்ல சரியான வார்த்தை சொன்னது அந்த ஹஜ்ரத்துதான். ஓதி ஊதினாங்க, தண்ணி ஓதிக் குடுத்தாங்க, ஒரு பைசா வாங்கல, உம்மாட்ட "மருந்தில்லாத நோயை அல்லாஹ் எறக்கலன்னு ரசூலுல்லா சொல்லியிருக்காங்க, இது மார்க்கக் குறைவு இல்ல, பெரிய டாக்டர்ட்ட காட்டுங்க"ன்னாங்க. ஆனா உம்மாவுக்கு அது பத்தல. பக்கத்து தெருல ஒருத்தங்க சொன்னாங்கன்னு வேற ஒரு ஊர்ல "பாக்கிறவர்" ஒருத்தர்ட்ட போனோம். செய்வினை, ஜின்னு, ஹாஸ்டல் கட்டடத்துல புடிச்சதுன்னாரு. முதல்ல 3,500. ரெண்டாவது தடவை தகடு எறக்கணும்னு 15,000. உம்மா கம்மல வச்சு குடுத்தாங்க. அந்தக் கம்மல் வாப்பா முதல் தடவை லீவுல வந்தப்ப வாங்கிட்டு வந்தது. கார்ல திரும்பி வர்றப்ப உம்மா காதுல வேப்பங்குச்சி மட்டும் இருந்துச்சு, ஓட்டை தூந்துறக் கூடாதுன்னு. அதைப் பாத்துட்டே வந்தேன். இவ்ளோ செலவு வைக்கிறேனே, நான் இல்லாமலே போய்ட்டா இவங்க நிம்மதியா இருப்பாங்கன்னு அன்னிக்குத்தான் முதல் தடவையா தோணுச்சு.

இதைப் பத்தி எழுதலாமா வேணாமான்னு ரொம்ப யோசிச்சேன். எங்க மார்க்கத்துல தற்கொலை ஹராம், அதனால அந்த நெனப்பு வந்ததையே யார்ட்டயும் சொல்ல முடியாது, நெனச்சதே பாவம்னு ஒரு பாவம் மேல இன்னொரு பாவமா ஏறுது. பிப்ரவரில ஒரு ராத்திரி மாடிக்குப் போகாம, வாசப்படில உக்காந்து 14416க்கு போன் போட்டேன். டெலி மானஸ், 2022 அக்டோபர்ல ஆரம்பிச்ச அரசாங்க நம்பர், இருபத்திநாலு மணி நேரமும் எடுப்பாங்க, காசு கிடையாது, தமிழ்ல பேசலாம். எடுத்தவங்க முதல்லயே நேரா கேட்டாங்க, "செத்துரலாம்னு தோணுதாம்மா?" அந்தக் கேள்விய யாராவது கேக்க மாட்டாங்களான்னுதான் அத்தன மாசமா இருந்திருக்கேன் போல. ஆமான்னு சொல்லிட்டு அழுதேன், அவங்க அவசரப்படுத்தல. அன்னிக்கு ராத்திரி உம்மாவை எழுப்பி அவங்க பக்கத்துலயே படுக்கச் சொன்னாங்க, படுத்தேன். சில பேரு இதைச் சொன்னா போலீஸ் கேஸ் ஆகிரும்னு பயப்படுறாங்க. நெனப்பைச் சொல்றதுக்கு எந்தக் கேஸும் கிடையாது. முயற்சி பண்ணினவங்களையே கடுமையான மன அழுத்தத்துல இருந்தவங்களாத்தான் பாக்கணும், தண்டிக்கக் கூடாதுன்னு 2017 மனநலச் சட்டத்துல இருக்கு. உங்களுக்கோ கூட இருக்கறவங்களுக்கோ அந்த நெனப்பு இருந்தா இந்தப் பத்திய முடிக்கற வரைக்கும் கூட காத்திருக்க வேணாம், போன் போடுங்க.

அன்னிக்கு போன்ல பேசினவங்கதான் மாவட்ட மனநலத் திட்டத்துல டாக்டர் இருக்காங்கன்னு சொன்னது. உம்மாட்ட ஆஸ்பத்திரின்னு சொன்னப்ப மறுபடி முரண்டு புடிச்சாங்க, மனசு சரியில்லாதவங்களை கூட்டிட்டுப் போற ஏர்வாடி தர்காவுக்கு போவோம்னாங்க. ஏர்வாடின்னாலே நம்ம எல்லாருக்கும் 2001தான் ஞாபகம் வரும், ஆகஸ்ட் 6ம் தேதி அங்க ஒரு தனியார் காப்பகத்துல தீப்புடிச்சு, சங்கிலில கட்டியிருந்ததால ஓட முடியாம 28 பேர் செத்தது. அது நான் பொறக்கறதுக்கு முன்னாடி, ஆனா எங்க பக்கம் எல்லார் வீட்லயும் அந்தக் கதை உண்டு. நான் பயந்துட்டேதான் போனேன். போய் பாத்தா தர்காலயே இப்ப மருந்தும் துஆவும் (பிரார்த்தனையும்) சேர்த்துப் பாக்குற ஏற்பாடு, குஜராத்ல உனாவா தர்கால முதல்ல ஆரம்பிச்ச அதே முறை, ஜியாரத்துக்கு, அதாவது தர்காவை தரிசிக்க, வர்றவங்களை அப்படியே கவர்மென்ட் டாக்டரும் பாக்குறாங்க. உம்மாவுக்கு அது போதும். ஆஸ்பத்திரிக்கு போகல, தர்காவுக்குத்தான் வந்திருக்கோம், வந்த எடத்துல டாக்டரும் இருக்காங்க. எங்க வீட்டு கௌரவம் அந்த ஒரு சந்துல தப்பிச்சுது.

அங்க இருந்த டாக்டர் என்கிட்ட கேட்ட மூணாவது கேள்வி, "தொழ முடியுதாம்மா?" முடியல சார்னேன். "எப்பருந்து? நின்னா என்ன ஆகுது?" ஃபாத்திஹா மறந்து போறதை சொன்னேன். அவர் அதை கிண்டலும் பண்ணல, உபதேசமும் பண்ணல, தூக்கம் பசி மாதிரி அதையும் சீட்டுல குறிச்சுக்கிட்டாரு. அவர் முஸ்லிம் இல்ல. நெறைய பேர் நம்ம ஆளு டாக்டரா இருந்தா நல்லா இருக்கும்னு சொல்வாங்க, எனக்கு நேர்மாறா ஒரு பயம் இருந்துச்சு, நம்ம ஆளுன்னா எங்கயாவது சொந்தம் வந்துரும், மண்ணடில இருக்கற சாச்சாவுக்கு தெரிஞ்சு ஊருக்கு வந்துரும்னு. உங்களுக்கு எது வசதியோ அதைத் தேடுங்க, பொம்பளை டாக்டர் வேணும்னாலும் கூச்சப்படாம கேளுங்க. நம்ம ஆளா இல்லையாங்கறதை விட, நம்மளைப் பத்தி தெரியாததை நம்மகிட்டயே கேக்குற ஆளான்னு பாருங்க.

அதே மாத்திரைதான் மறுபடி எழுதினாரு, பாதி அளவுல ஆரம்பிச்சு, சாப்பாட்டுக்கு அப்புறம், "முதல் பத்து நாள் மோசமாத்தான் இருக்கும், அப்ப என்னை திட்டிக்கோங்க, ஆனா நிறுத்தாதீங்க"ன்னு சொல்லி. இந்த தடவை குமட்டல் வந்தப்ப எனக்கு பயமே வரல, சொன்ன மாதிரியே வருதேன்னு ஒரு நம்பிக்கை வந்துச்சு. சென்னைல தொடர்ந்து காட்ட கீழ்ப்பாக்கம் அரசு மனநல ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்தாரு. கீழ்ப்பாக்கம். காலேஜ்ல ஒருத்தன் கொஞ்சம் கோக்குமாக்கா பேசினா "டேய் கீழ்ப்பாக்கம் கேஸு"ன்னு நானே சிரிச்சிருக்கேன். 1794ல இருந்து இருக்கற ஆஸ்பத்திரி, 1871ல இந்த எடத்துக்கு வந்தது, இத்தன வருஷத்துல எத்தன லட்சம் பேரு தலைநிமிந்து வெளிய வந்திருப்பாங்க, நமக்கு அது ஒரு கெட்ட வார்த்தை. முதல் நாள் ஆட்டோக்காரர்ட்ட எடம் சொல்ல வெக்கப்பட்டு கொஞ்சம் தள்ளி எறங்கி நடந்து போனேன். ஓ.பி.ல என் பக்கத்துல பேங்க்ல வேலை பாக்குற ஒரு அக்கா, ஒரு போலீஸ்காரர், ஸ்கூல் யூனிஃபார்ம்ல ஒரு பையனும் அவங்க அம்மாவும். சீட்டு ஃப்ரீ, மாத்திரை ஃப்ரீ. கூட்டம் இருக்கும், மறைக்கல, என் முதல் நாள் கிட்டத்தட்ட மூணு மணி நேரம் ஆச்சு. ஆனா எனக்கு ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் கிடைச்சாங்க, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை. சைக்கியாட்ரிஸ்ட்னா மனநலத்துல மேற்படிப்பு படிச்ச டாக்டர், மாத்திரை எழுதுவாங்க, கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பேச்சு மூலமா சிகிச்சை குடுப்பாங்க, மாத்திரை எழுத மாட்டாங்க, ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்கணும். கவுன்சலர்ங்கற பேரு மூணு மாசம் கோர்ஸ் பண்ணினவங்களும் போட்டுக்கறாங்க, அதனால வெளிய காசு குடுத்து போறவங்க பதிவு நம்பர் கேக்கறதுல தப்பே இல்ல.

அந்த வருஷம் நோன்பு மார்ச் 24ல ஆரம்பிச்சுது, மாத்திரை ஆரம்பிச்சு ஒரு மாசம் கூட ஆகல. நோன்பு வச்சா மாத்திரை எப்டின்னு கேக்கவே கூச்சம், கேட்டா மதத்துக்காக மருந்தை விடுறான்னு நெனப்பாங்களோன்னு. கீழ்ப்பாக்கத்துல பாத்த டாக்டர் மேடம்ட்ட தயங்கித் தயங்கி கேட்டேன், அவங்க சாதாரணமா "ஒரு வேளை மாத்திரைதானே, நோன்பு திறந்து சாப்ட்ட பிறகு போடுங்க, உடம்பு முடியலன்னா விட்டுட்டு பின்னாடி வச்சுக்கலாம்தானே உங்கள்ல"ன்னாங்க. எனக்கு இது ஒத்து வந்துச்சுன்னு எல்லாருக்கும் வராது, லித்தியம் மாதிரி மாத்திரை போடுறவங்களுக்கு தண்ணி கொறஞ்சாலே ஆபத்து, ரெண்டு வேளை மூணு வேளை மாத்திரைக்காரங்களுக்கு கணக்கே வேற, அதனால நோன்பு வர்றதுக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடியே டாக்டர்ட்ட கேட்டுருங்க. இருவதாம் நோன்பு பக்கம் ஒரு நாள் அதிகாலை ஃபஜ்ரு தொழுகைல ஃபாத்திஹா தடங்காம முடிஞ்சுது. ஸலாம் குடுத்துட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தேன், பக்கத்து ரூம்ல யாரோட அலாரமோ அடிச்சுட்டே இருந்துச்சு, அது கூட நல்லா இருந்துச்சு.

ஆனா அட்டெண்டன்ஸ் போனது போனதுதான். 75 சதவீதம் வேணும், மெடிக்கல் சர்ட்டிஃபிகேட் குடுத்தா 65 வரைக்கும் கன்சிடர் பண்ணுவாங்க, எனக்கு 58. செமஸ்டர மறுபடி ஜூனியர்ஸோட படிக்கணும்னாங்க. நான் டிசம்பர்ல பாத்த சீட்டு, ரத்த டெஸ்ட் ரிப்போர்ட் எதையும் பத்திரமா வைக்கல, யாராவது பாத்துருவாங்கன்னு கிழிச்சு போட்டேன். சீட்டை கிழிக்காதீங்க. காலேஜுக்கு சர்ட்டிஃபிகேட் குடுக்கறப்ப "சிகிச்சைல இருக்காங்க"ன்னு மட்டும் எழுதித் தரச் சொல்லலாம், என்ன வியாதின்னு விலாவாரியா எழுதணும்னு கட்டாயம் இல்ல, உங்க சிகிச்சை விவரத்தை ரகசியமா வைக்கணும்னு அதே 2017 சட்டத்துல இருக்கு. காசு கணக்கு பாத்தா டாக்டர் ரெண்டாயிரம், டெஸ்ட் 1,850, மாத்திரை 780, பாக்கிறவருக்கு 18,500, கார் வாடகை பஸ்ஸுன்னு ஒரு நாலாயிரம், மொத்தம் 27 ஆயிரத்து சொச்சம், போன ஒரு வருஷம் தனி. என்னை சரி பண்ணின பகுதிக்கு ஆனது பஸ் காசு மட்டும்தான். கம்மல மீட்க பதினாலு மாசம் ஆச்சு, வட்டி தனி.

வாப்பாட்ட சொன்னது கடைசில, வீடியோ கால்ல. கடைல ஆள் இருந்தாங்க போல, ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி போய் நின்னுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் மெதுவா "எனக்கும் இங்க வந்த ரெண்டாம் வருஷம் அப்படித்தான்மா இருந்துச்சு, யார்ட்ட சொல்றது"ன்னாங்க. பத்தொம்பது வருஷத்துல அதை உம்மாட்ட கூட சொன்னதில்லையாம்.

2025 ஜூலைல சுப்ரீம் கோர்ட்டு நூறு பேரோ அதுக்கு மேலயோ படிக்கிற எல்லா எடத்துலயும் தகுதியுள்ள ஒரு கவுன்சலரோ சைக்காலஜிஸ்ட்டோ சோஷியல் ஒர்க்கரோ இருக்கணும்னு சொன்னதும் எங்க காலேஜ்ல ஒரு மீட்டிங் போட்டாங்க. நல்ல விஷயம்தான். ஆனா எங்க காலேஜ்ல 2022லயே கவுன்சலர் இருந்தாங்க, இருந்தும்தானே நான் போகல. அந்த மீட்டிங்ல நானும், அந்த ஜூனியர் பொண்ணும், இன்னும் ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு லெட்டர் குடுத்தோம். நோட்டை எடுங்க, கண்ணாடிக் கதவை மறைங்க, ரூம பிளேஸ்மென்ட் எதிர்ல இருந்து மாத்துங்க, முதல் நாள்ல குடும்பத்தையும் ஜாதியையும் மதத்தையும் நீங்களா இழுக்காதீங்க, நாங்களே சொல்லுவோம், ஒரு தடவை வந்துட்டு அடுத்த தடவை வராதவங்களுக்கு ஒரு மெசேஜாவது போடுங்கன்னு. இந்தக் கடைசி விஷயம்தான் எனக்கு முக்கியம். அன்னிக்கு "ஏம்மா வரல, அன்னிக்கு நான் கேட்டது எதாவது சங்கடமா இருந்துச்சா"ன்னு ஒரு வரி வந்திருந்தா நான் போயிருப்பேன்னுதான் நெனைக்கிறேன். கதவுக்கு இப்ப வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருக்காங்க. நோட்டு இன்னும் இருக்கு, "காரணம்" காலத்தை மட்டும் பேனாவுல அடிச்சு விட்டுருக்காங்க. ரூம் மாறல. மெசேஜ் விஷயம் "பாக்கலாம்"னு இருக்கு.

உம்மா இப்ப தினமும் ராத்திரி போன்ல ரெண்டு கேள்வி கேக்குறாங்க, தொழுதியா, மாத்திரை போட்டியா. மாத்திரை அளவு கொறைக்க ஆரம்பிச்சு ரெண்டு மாசம் ஆச்சு, அடுத்த அப்பாயின்ட்மென்ட் செவ்வாக்கிழமை. கீழ்ப்பாக்கம் முதல் தடவை போறவங்க காலைல எட்டு மணிக்குள்ள போய்ருங்க, ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு, பழைய சீட்டு இருந்தா அது, ஒரு தண்ணி பாட்டில், சாப்புட எதாவது, சார்ஜர். தனியா போக பயமா இருந்தா கூட ஒருத்தரை கூட்டிட்டுப் போங்க, உள்ள பேசறப்ப அவங்க வெளிய இருக்கட்டும்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. வீட்டுக்கு கிளம்பறதுக்கு முன்னாடி அடுத்த தேதி என்னன்னு சீட்டுல எழுதி வாங்கிட்டு கிளம்புங்க.